நீல வைரம் வெள்ளை வைரத்தைவிட மலிவாகக் கிடைப்பது எப்படி?

செட்டியார் தெருக் கடையொன்றில் அரைக் கரட் நீல வைர மோதிரம் பார்த்திருக்கிறீர்கள். அதே அளவுள்ள வெள்ளைக் கல்லைவிட விலை குறைவாக இருந்திருக்கிறது. “கல் பூமியில் எடுத்தது, நிறம் மட்டும் ஏற்றியது” என்று கடைக்காரர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கனடாவிலிருந்து வந்திருக்கும் உங்கள் அண்ணனோ, அது ஆய்வுகூடத்தில் செய்த போலி என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி, நிறம் நாளடைவில் மங்கிவிடுமா, கதிர்வீச்சு பட்ட கல்லை விரலில் போட்டால் உடம்புக்கு ஆகுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நீல வைரங்கள் பல கோடிக்கு ஏலம் போவதாகப் பத்திரிகையில் படிக்கிறோமே, இது மட்டும் எப்படி இந்த விலைக்கு வந்தது என்ற சந்தேகம்தான் மூன்றுக்கும் அடியில் கிடக்கிறது. இரத்தினக்கல் பரிசோதனையைப் படித்து, கொழும்பில் பல ஆண்டுகளாக அதையே தொழிலாகச் செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து அந்தக் குறிப்பிட்ட கல்லுக்குத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. கைபேசிப் படத்தில் நீலக் கண்ணாடியும் நீல வைரமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கடைக்காரர் சொன்னது முழுக்க நம்பக்கூடிய ஒன்றுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட கற்கள் சந்தையில் ஏராளமாக இருக்கின்றன, விலையும் ஏறக்குறைய நீங்கள் சொன்ன விதமாகவே இருக்கும். கல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, நிறம் எங்கிருந்து வந்தது என்பது வேறொரு கேள்வி. பூமியில் விளைந்த கல்லில் இயற்கை நிறமும் இருக்கலாம், ஏற்றிய நிறமும் இருக்கலாம். ஆய்வுகூடத்தில் வளர்த்த கல்லிலும் வளரும்போதே வந்த நிறம் உண்டு, பிறகு ஏற்றிய நிறமும் உண்டு. கடைக்காரர் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறார், உங்கள் அண்ணன் முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறார். நிற வைரத்தின் விலை பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் தொங்குகிறது.

வைரம் என்பது காபன் மட்டுமே. நமது போகல சுரங்கத்தில் எடுக்கும் காரீயமும் (பென்சிலுக்குள் இருக்கும் கரி) அதே காபன்தான், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. பெரும்பாலான வைரங்கள் 150 முதல் 200 கிலோமீற்றர் ஆழத்தில், ஏறத்தாழ 900 முதல் 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருவாகி, பல கோடி ஆண்டுகள் அங்கேயே கிடந்து, கிம்பர்லைற் எனப்படும் எரிமலைப் பாறைக் குழம்போடு மேலே வந்தவை. பழுதில்லாத தூய காபன் சாலகத்துக்கு, அதாவது ஒழுங்கான அணு அடுக்குக்கு, நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் அது அப்படியே விட்டுவிடும். நிறம் வேண்டுமென்றால் அந்த அடுக்கில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும். வேற்று அணு ஒன்று புகுந்திருக்கலாம், ஓர் அணு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கலாம், அல்லது அடுக்கே நசுங்கியிருக்கலாம். ஏல அரங்கில் பல கோடி கொடுத்து வாங்குவது இந்தக் கோளாறைத்தான்.

மஞ்சளுக்குக் காரணம் நைதரசன். இதில் ஐயமே இல்லை. வைரம் வளரும்போது நைதரசன் அணுக்கள் தனித்தனியாக உள்ளே புகுகின்றன. அந்த நிலையிலேயே கல் மேலே வந்துவிட்டால் நல்ல அழுத்தமான மஞ்சள் கிடைக்கும், ஆனால் அப்படி வருவது மிக அரிது. ஆழத்து வெப்பத்தில் நீண்ட காலம் கிடந்தால் அந்த அணுக்கள் நகர்ந்து கூட்டம் சேர்ந்துவிடுகின்றன. இரண்டிரண்டாகச் சேர்ந்தவை நிறம் தருவதில்லை. மூன்று நைதரசன் அணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்கும்போது நீல ஒளியில் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டு இளமஞ்சள் தோன்றும். நகைக்கடையில் “கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது” என்று விலை குறைத்துத் தரும் வெள்ளைக் கற்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

நீங்கள் கேட்ட நீலத்துக்கு வருகிறேன். இயற்கை நீலத்துக்குப் பெரும்பாலும் போரன் காரணம். பத்து இலட்சம் காபன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவுகூட வேண்டியதில்லை, அதற்கும் குறைவான போரனே சிவப்பு ஒளியை உறிஞ்சிக் கல்லை நீலமாக்கிவிடும். வோஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1958 முதல் இருக்கும் ஹோப் வைரம், 45.52 கரட், இந்த வகையைச் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் தவேர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பெரிய கல்லிலிருந்து வெட்டப்பட்டது அது. புற ஊதா ஒளி காட்டி விளக்கை அணைத்தால் சில நொடிகள் நெருப்புத் துண்டு போலச் சிவந்து ஒளிரும். போரன் வைரங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு, அவை மின்சாரத்தைக் கடத்தும். மற்ற வைரங்கள் கடத்தா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். அந்தப் போரன் எங்கிருந்து வந்தது என்பதுதான் புதிர். போரன் பூமியின் மேலோட்டில் நிறைய உண்டு, ஆழத்தில் மிகக் குறைவு. நீல வைரங்களுக்குள் சிக்கிய நுண்ணிய கனிமங்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, இவை 660 கிலோமீற்றருக்கும் கீழே உருவானவை என்றும், பழைய கடற்றளப் பாறை உள்ளே அமிழ்ந்தபோது போரனையும் கொண்டுபோயிருக்கலாம் என்றும் சொன்னது. ஆழம் பற்றிய சான்று வலுவானது. கடற்றளத்திலிருந்து வந்தது என்பது நல்ல ஊகம், அவ்வளவே.

பச்சைக்குக் கதை வேறு. வைரம் பூமியின் மேற்பகுதிக்கு வந்த பிறகு, யுரேனியம் கலந்த கனிமமோ நீரோ அருகில் இருந்தால், அதன் கதிர்வீச்சு காபன் அணுக்களை இடத்தைவிட்டுத் தள்ளிவிடுகிறது. வெறுமையான அந்த இடங்கள் சிவப்பு ஒளியை உறிஞ்சிப் பச்சை அல்லது நீலப்பச்சை தரும். அந்தக் கதிர்வீச்சில் வரும் அல்பாத் துகள்கள் மயிரிழைத் தடிப்பளவுகூட உள்ளே போகாததால், பல கற்களில் பச்சை தோலோடு நின்றுவிடும். பட்டை தீட்டியதும் நிறம் போய்விடும். அதனால்தான் வெட்டுபவர்கள் விளிம்பில் கொஞ்சம் தோலை வேண்டுமென்றே விட்டுவைப்பதுண்டு. உடல் முழுவதும் பச்சையான கல் அபூர்வம். ஜேர்மனியின் டிரெஸ்டன் பச்சை, ஏறத்தாழ 41 கரட், அந்த வகையில் பேர்போனது. 2019 நவம்பரில் டிரெஸ்டன் கருவூலத்தில் பெருங்கொள்ளை நடந்தபோது அது நியூயோர்க்கில் கண்காட்சிக்குப் போயிருந்ததால் தப்பியது. கல்லுக்கும் சாதகம் உண்டு போலிருக்கிறது.

இளஞ்சிவப்பு, சிவப்பு, மண்ணிறம் மூன்றும் நசுங்கலால் வந்தவை. கண்டங்கள் மோதும் அழுத்தத்தில் வைரத்தின் அணுத்தளங்கள், சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினாற்போல, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கியிருக்கின்றன. உருப்பெருக்கியில் இணைகோடுகளாக அந்த நிறத்தைப் பார்க்கலாம். மண்ணிறத்துக்குக் காரணம், சறுக்கும்போது உண்டாகிக் கூட்டம் சேர்ந்த வெற்றிடங்கள் என்பது இப்போது பெரும்பாலும் ஏற்கப்பட்ட விளக்கம். இளஞ்சிவப்பில் எந்த அணுவமைப்பு சரியாக 550 நானோமீற்றர் அருகே ஒளியை உறிஞ்சுகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. நசுங்கலோடு தொடர்பு உண்டு என்பது உறுதி, அதற்குமேல் உறுதியாகச் சொல்பவர் அவசரப்படுகிறார். உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் பெரும்பகுதியைத் தந்த அவுஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020இல் மூடப்பட்டது. அந்த நிறத்தின் விலை இன்று நிற்கும் உயரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மனிதர் கைவரிசை. இலங்கையருக்கு இது புதிய செய்தியே அல்ல. மாத்தறைப் பக்கத்து நிறமற்ற சேர்க்கோன் கற்கள் ஒரு காலத்தில் ‘மாத்தறை வைரம்’ என்ற பெயரில் விற்கப்பட்டன, மங்கலான கல்லைச் சுட்டு நிறம் போக்கும் வழக்கமும் அதோடு இருந்தது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் இரத்தினபுரியில் யாரும் மதிக்காத ‘கெவுட’ கற்களை வாங்கிப்போய், கடும் வெப்பத்தில் சுட்டு, நல்ல நீலக்கல்லாக விற்றார்கள். நம்மவர்கள் அதைக் கற்றுக்கொள்ளச் சில காலம் பிடித்தது. சுட்ட நீலக்கல்லைச் சந்தை ஏற்றுக்கொண்டுவிட்டது, சொல்லி விற்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நிற வைரத்தில் அந்தத் தாராளம் கிடையாது. இயற்கை நீலத்துக்கும் ஏற்றிய நீலத்துக்கும் இடையே விலை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். காரணம் எளிது. போரன் நீலம் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் நல்ல கற்களாகக் கிடைக்கிறது. ஏற்றிய நீலத்துக்கு மூலப்பொருள், யாரும் வெள்ளையென்று வாங்காத மங்கல் மஞ்சளும் மண்ணிறமும். உங்கள் மோதிரம் வெள்ளைக் கல்லைவிட மலிவாக இருப்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

நீல நிறம் ஏற்றும் வழக்கமான வழி கதிர்வீச்சு. சேர் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைரங்களை ரேடியம் உப்புக்குள் புதைத்துவைத்துப் பச்சையாக்கினார். இயற்கை செய்ததையே அவரும் செய்தார், நேரத்தை மட்டும் சுருக்கினார். அந்தக் கற்கள் இன்றும் கதிர்வீசிக்கொண்டிருக்கின்றன, அவற்றை அணியக் கூடாது. 1940களில், அணுத்துகள்களை வேகமூட்டிப் பாய்ச்சும் சைக்கிளோத்திரன் கருவி வந்தது. அதில் நிறம் மேற்பரப்பை ஒட்டியே நிற்கும். கல்லை மேலிருந்து பார்த்தால் அடிமுனையைச் சுற்றி விரித்த குடைபோல ஒரு நிழல் தெரியும், பழைய கற்களில் உருப்பெருக்கி மட்டும் வைத்தே பிடித்துவிடலாம். அணு உலையில் நியூத்திரன் பாய்ச்சினால் உள்ளே முழுவதும் சீராகப் பச்சையாகும். இன்று அதிகம் பயன்படுவது வேகமூட்டிய இலத்திரன் கற்றை, அது நீலம் அல்லது நீலப்பச்சை தருகிறது. பிறகு 500 பாகைக்கு மேல் சூடாக்கினால் வெற்றிடங்கள் நகர்ந்து நைதரசனோடு சேர்ந்து மஞ்சள், செம்மஞ்சள், கல்லின் வகையைப் பொறுத்து இளஞ்சிவப்புகூடத் தரும்.

இதில் பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். டீப்டீன் என்ற 104 கரட்டுக்கு மேற்பட்ட மஞ்சள் வைரம் 1971இல் ஜெனீவாவில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் இயற்கை நிறம் என்று விற்கப்பட்டது. பிறகு நடந்த பரிசோதனைகளில் நிறம் கதிர்வீச்சால் ஏற்றப்பட்டது என்று தெரியவர, விற்பனை இரத்தானது.

உடம்புக்கு ஆகுமா என்ற கேள்விக்குப் பதில்: நகைக்குப் பயன்படும் ஆற்றலில் இலத்திரன் கற்றை வைரத்தைக் கதிரியக்கமுள்ள பொருளாக மாற்றுவதில்லை. வீட்டு மின்குமிழை அணைத்த பிறகு ஒளி மிஞ்சுவதில்லை அல்லவா, இதிலும் கற்றையை நிறுத்தினால் அதோடு முடிந்தது. நியூத்திரன் பட்ட கற்களில் உள்ளே சிக்கிய வேற்றுப் பொருள்களால் சிறிது காலம் கதிரியக்கம் மிஞ்சலாம், ஆகவே அமெரிக்கா போன்ற நாடுகளில் அளந்து பார்த்த பிறகே விற்பனைக்கு விடுகிறார்கள். குரூக்ஸ் காலத்து ரேடியக் கல் உங்கள் கையில் சிக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். ஆகவே இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். சுக்கிரனுக்கு இந்தக் கல் பலன் தருமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். அதைச் சாத்திரியாரிடம்தான் கேட்க வேண்டும், என் கருவிகள் எதுவும் அதை அளப்பதில்லை.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிகையழுத்தமும் 2,000 பாகையை ஒட்டிய மிகைவெப்பமும் கொடுத்து மண்ணிறத்தைப் போக்கும் முறையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1999இல் அறிவித்தபோது வைரச் சந்தை அதிர்ந்துபோனது. நசுங்கலில் உண்டான வெற்றிடக் கூட்டங்கள் அந்த வெப்பத்தில் கலைந்துவிடுவதால், சில கற்கள் நிறமற்றவையாகவும், நைதரசன் உள்ளவை பச்சை மஞ்சளாகவும் மாறுகின்றன. இந்த நிறம் நிலையானது. கறுப்பு வைரம் என்று மலிவாக விற்பதில் பெரும்பாலானவை, வெடிப்பு நிறைந்த மட்டமான கல்லைச் சுட்டு, வெடிப்புகளில் காரீயம் உண்டாக்கிக் கறுப்பாக்கியவை. கடைசியாக மேற்பூச்சு. இதுதான் மிகப் பழைய தந்திரம், என் பார்வையில் மிக மட்டமானதும்கூட. கல்லின் அடிப்பட்டைகளில் மெல்லிய படலம் பூசி இளஞ்சிவப்போ நீலமோ காட்டுவார்கள். கீறல் விழும், அமிலத்தில் கழுவினால் உரியும். சொல்லாமல் விற்பதற்கென்றே கண்டுபிடித்ததுபோல இருக்கிறது.

உங்கள் அண்ணன் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. 1950களில் முதல் செயற்கை வைரங்கள் உருவான காலத்திலேயே, வளரும் கலத்தில் காற்றிலிருந்து நைதரசன் புகுந்துவிடுவதால் மஞ்சள்தான் எளிதில் வரும் என்பது தெரிந்துவிட்டது. போரனைச் சேர்த்தால் நீலம். இன்று இரண்டையும் வேண்டிய அளவு வளர்க்கலாம். 2018இல் டி பியர்ஸ் என்ற பெரிய வைர நிறுவனம், வளர்த்த கற்கள் பதித்த தன் லைட்பொக்ஸ் நகைகளை அறிமுகப்படுத்தியபோது வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு மூன்றுக்கும் கரட்டுக்கு 800 டொலர் என்று ஒரே விலை வைத்தது. வளர்த்த கல்லில் நிறத்துக்குத் தனி மதிப்பு கிடையாது என்று அந்த விலைப்பட்டியலே சொன்னது. ஆகவே உங்கள் மோதிரக் கல் வளர்த்த கல்லாகவும் இருக்கலாம். ஆனால் அதைப் ‘போலி’ என்பது தவறு, அதுவும் வைரமே. கண்ணாடியும் கியூபிக் சேர்க்கோனியாவும்தான் போலி.

இவற்றை எப்படிப் பிரிப்பது? கடையில் பேனா போன்ற ஒரு கருவியைக் கல்லில் வைத்து ‘பீப்’ சத்தம் காட்டியிருப்பார்கள். அது வெப்பம் கடத்துவதை மட்டும் அளக்கிறது. வைரமா, சேர்க்கோனியாவா என்று சொல்லும். வைரம்போலவே மின்னும் வேறொரு கல்லான மொய்சனைட்டை வைரம் என்றே காட்டிவிடும். வளர்த்ததா, நிறம் ஏற்றியதா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அந்தச் சத்தத்தை நம்பிப் பணத்தை எண்ணிவைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீலக் கல்லுக்கு மின்கடத்தல் சோதனை பயன்படும். கதிர்வீச்சால் நீலமானது மின்சாரம் கடத்தாது, போரனால் நீலமானது கடத்தும். ஆனால் போரன் சேர்த்து வளர்த்த செயற்கைக் கல்லும் கடத்தும். ஆர்கைலில் கிடைத்த சில சாம்பல் நீலக் கற்கள் இயற்கையாக இருந்தும் கடத்தா. ஆகவே இந்தச் சோதனை வழி காட்டும், தீர்ப்புச் சொல்லாது. கண்ணுக்கு, போரன் நீலம் சற்றுச் சாம்பல் பூத்ததாகவும் கதிர்வீச்சு நீலம் பச்சை ஓடியதாகவும் தெரியும். இதுவும் பழக்கத்தில் வரும் ஊகமே. முடிவான சோதனைக்குக் கல்லைத் திரவ நைதரசனில் குளிரவைத்து நிறமாலை எடுக்க வேண்டும், செந்நிறக்கீழ்க் கதிர்களில் எந்த நைதரசன் வகை என்று பார்க்க வேண்டும், லேசர் ஒளியில் அது உமிழும் ஒளியை ஆராய வேண்டும். அவ்வளவு செய்தும் பச்சைக் கற்களில் சில ஆய்வாளரைத் திணறடிக்கும், ஏனென்றால் இயற்கையும் மனிதனும் உண்டாக்கிய கோளாறு ஒன்றேதான். அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.யின் ஆய்வுகூடமே சில பச்சைக் கற்களுக்கு நிறத்தின் மூலம் ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று எழுதிக்கொடுப்பதுண்டு. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

உங்கள் விடயத்தில் நான் செய்யக்கூடியது இது. சான்றிதழ் இருக்கிறது என்றீர்கள். எந்த ஆய்வுகூடம் என்று பாருங்கள், அதன் எண்ணை அந்த ஆய்வுகூடத்தின் இணையத்தளத்தில் போட்டுச் சரிபாருங்கள், கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று உருப்பெருக்கியில் காட்டச் சொல்லுங்கள். கல்லின் மூலம், நிறத்தின் மூலம் இரண்டும் அதில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் ‘இயற்கை வைரம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. பற்றுச்சீட்டிலும் ‘இயற்கை வைரம், கதிர்வீச்சால் நிறம் ஏற்றப்பட்டது’ என்று முழுமையாக எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னவர் எழுதத் தயங்கினால் மோதிரத்தை வைத்துவிட்டு வாருங்கள். சான்றிதழ் இல்லையென்றால், கல் வைரமா என்பதையாவது கொழும்பிலேயே பார்த்துக்கொள்ளலாம், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்கும் ஆய்வுகூடம் உண்டு. நிறத்தின் மூலத்தை அறிய வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், ஆனால் அரைக் கரட் ஏற்றிய நீலத்துக்கு அந்தச் செலவு தகாது. இயற்கை நீலம் என்று சொல்லி விலை கேட்டால் மட்டும் அனுப்பியே ஆக வேண்டும்.

வாங்கலாமா என்றால், நிறம் பிடித்திருந்தால், விலையும் ஏற்றிய கல்லின் விலையாக இருந்தால், வாங்குங்கள். திருப்பி விற்கும்போது பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். நிறம் வெயிலில் மங்காது, சவர்க்கார நீரில் கழுவினாலும் போகாது. சூடு ஒன்றுதான் அதற்குப் பகை. மோதிரத்தைப் பெரிதாக்கவோ நகக்கால் சரிசெய்யவோ பத்தரிடம் கொடுத்தால், அவர் பற்றாசு வைக்கும் சுடர் கல்லில் பட்டு, நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிடலாம். மாறிய நிறம் தானாகத் திரும்பி வராது. கல்லைக் கழற்றிய பிறகே ஊதும்படி முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.